கற்பூரத்தின்மேல் கேட்ட வாக்குறுதி

மனிதர் வாக்கில் நம்பிக்கை இழந்தவன் தெய்வத்தைச் சாட்சிக்கு அழைப்பது உலக வழக்கம். அந்த வழக்கத்தை இணைய நிறுவனத்திடம் செலுத்திப் பார்த்தவன், எனக்குத் தெரிந்து, அடியேன் ஒருவனே.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்களுக்கு இணைப்புத் தந்த நிறுவனம் முதலில் 'அளவே இல்லை' என்றது. பிறகு, ஓர் அளவைத் தாண்டினால் வேகம் குறையும் என்றது. அடுத்து, அந்த அளவையும் குறைத்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அளவிலான் என்று ஆண்டவனை மட்டுமே பாடிப் பழகிய எனக்கு, அச்சொல் இப்படித் தேய்வது பொறுக்கவில்லை. (வயிற்றெரிச்சல் என்றும் கொள்ளலாம்.)

அதற்கடுத்த வியாழனன்று பதினோரு மணிக்கு மருமகள் காயத்ரிக்குக் காணொளி நேர்காணல். குழந்தை பிறந்தபின் மூன்றாண்டுகள் முயன்றவளுக்கு வந்த முதல் அழைப்பு. பத்தரைக்கு இணையம் நொண்டியது. கைப்பேசி சிக்னலோ எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வராது.

வாசலில் நின்று புகார் சொன்னதும், பக்கத்துத் தெருவில் வேலையாயிருந்த நிறுவனத்தின் ஆள் ராபர்ட் ஓடி வந்தார். தட்டில் கற்பூரம் ஏற்றி அவரை வழிமறித்தேன்.

"இனி விதியை மாற்றமாட்டோம் என்று இதன்மேல் சத்தியம் செய்யுங்கள் தம்பி."

"சார், நான் ஒயர் இழுக்கிறவன். ரூல்ஸ் எல்லாம் மேல இருந்து வருது. அதுவும் இல்லாம, எங்க சர்ச்சுல சத்தியமே பண்ணக்கூடாதும்பாங்க."

"சரி, உண்மையாவது சொல்லுங்கள்."

"உண்மை சொன்னா வேலை போயிடும் சார்."

சுடர் அணையாதிருக்க வில்லைமேல் வில்லையாகப் போட்டுக்கொண்டே நின்றேன்.

"மாமா, எட்டு நிமிஷம்தான் இருக்கு. அவரை உள்ள விடுங்க." காயத்ரி மடிக்கணினியோடு வந்து நின்றாள்.

விலகினேன். வாசற்படியில் நின்றபடியே கைப்பேசியில் எங்கள் கணக்கைப் பார்த்த ராபர்ட், நெற்றியைச் சுருக்கியபடி உள்ளே வந்தார்.

"மாசம் பொறந்து பாதி கூட ஆவல, மொத்த டேட்டாவும் காலி. இப்பவும் ஒண்ணு இழுத்துகினு கீது. அந்தத் துணிக்குப் பின்னாடி இன்னா சார்?"

துணிக்குப் பின்னால் தொலைக்காட்சி. அதில் ஒரு மலைக்கோயிலின் இடைவிடாத நேரலை. திருமுகத்தைப் பொத்தான் அழுத்தி இருட்டாக்க மனம் ஒப்பாமல், வழிபாடு முடிந்ததும் ஒலியை மட்டும் தணித்து, பட்டுத்துணியால் திரையிட்டு நடை சாத்துவது என் வழக்கம். உள்ளே எம்பெருமான் இரவும் பகலும் எங்கள் இணையத்தில்தான் எழுந்தருளியிருந்தார்.

"அதை ஆஃப் பண்ணா மீட்டிங் ஓடும்," என்றார் ராபர்ட்.

துணியை விலக்கினேன். தீபாராதனை நடந்துகொண்டிருந்தது.

"ஒரே நிமிடம் அம்மா. முடிந்துவிடும்."

"எனக்கும் அந்த ஒரு நிமிஷம்தான் மாமா இருக்கு."

அவள் அழவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. பிழை பொறுக்க வேண்டி, கண்களை மூடிக்கொண்டு மின்செருகியை உருவினேன்.

மறுகணம் மடிக்கணினியில் மூன்று அதிகாரிகள் தோன்றினர். அவர்கள் கண்டது: நிமிர்ந்து அமர்ந்த காயத்ரி, அவள் தோளுக்குப் பின்னே எரியும் தட்டோடு, வேட்டியை மடித்துக் கட்டிய நான். நடுவிலிருந்த அம்மையார் தம்மையறியாமல் கைநீட்டிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அதன்பிறகே முதல் கேள்வியைக் கேட்டார்.

வேலை கிடைத்தது. இன்றும் நாங்கள் வெளியே கிளம்பும்போதெல்லாம் காயத்ரி வாசலில் நின்று உரக்கக் கேட்பாள்: "மாமா, சாமியை ஆஃப் பண்ணியாச்சா?"

எதிர்வீட்டில் புதிதாகக் குடியேறியவர்கள் எங்களை நாத்திகக் குடும்பம் என்று முடிவு செய்துவிட்டார்களாம். விளக்கப் போனால் நிறுவனத்தின் விதியிலிருந்து தொடங்கவேண்டும். அதுவோ நேற்று மறுபடியும் மாறிவிட்டது.