சாவணத்தார் கட்டிய கப்பல்

மனிதர்களின் தும்மலுக்குத் தடை போட்ட சர்வாதிகாரி உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எண்பதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சியில் இருந்தார். அவரோடு ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்த பாவி நான்.

பெயர் சாவணத்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு. அது சம்பளம் எடுக்கிற நாளில் மட்டும் வெளியே வரும். முள் எடுக்கிற சின்ன இடுக்கியை எங்கள் பக்கத்தில் சாவணம் என்போம். ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிற வேலை அவருக்கு. மற்றவர்கள் பேனை குத்துகிற சட்டைப் பையில் அவர் சாவணம் குத்தியிருப்பார். கலியாண வீட்டுக்கும் அதோடுதான் போவார், செத்த வீட்டுக்கும் அதோடுதான் போவார்.

சாவணம் முள் எடுக்க அல்ல, விமானம் கட்ட. லண்டனில் இருந்த அவருடைய மைத்துனர் ஊருக்கு வருகிற ஆட்களிடம் பெட்டி கொடுத்து விடுவார். மற்றவர்களுக்கு லண்டனிலிருந்து சேலை வரும், சொக்கிலேட் வரும். இவருக்கு வருகிற பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். அந்தச் சட்டங்களில் கொடியில் பிஞ்சு பிடித்ததுபோலச் சின்னச் சின்னத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, அராவி, ஒட்டி, நிறம் பூசினால் உள்ளங்கை அகலத்தில் ஒரு விமானம். இதற்கு ஒரு மாதம் போகும். நாற்பது வயது மனிதர் ஐயா! கலியாணம் காட்சி இல்லை, சீட்டு விளையாட்டு இல்லை, கள்ளு இல்லை. பிளாஸ்டிக்.

துண்டுகளை மேசையில் பரப்பிவிட்டால் வீட்டில் ஊரடங்குச் சட்டம். மின்விசிறி போடக்கூடாது. கதவை இழுத்துச் சாத்தக்கூடாது. எனக்கோ பிறவியிலேயே மூக்கடைப்பு.

"தம்பி, தும்மல் வாறமாதிரிக் கிடந்தால் வெளி முத்தத்துக்குப் போயிடும்."

"அண்ணை, தும்மல் என்ன, சொல்லிப்போட்டே வாறது?"

"சொல்லாமல் வந்தாலும் நீர் போகலாந்தானே?"

ஒருநாள் வந்தது. நான் போகவில்லை, தும்மல்தான் போனது. அரிசி அளவான ஒரு விமானச் சில்லு மேசையிலிருந்து பறந்துவிட்டது. கந்தோரில் எனக்குக் கீழே இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நாலு காலில் நிலத்தைத் தடவினேன். கடைசியில் சில்லு என்னுடைய சாரத்து மடிப்பில் இருந்தது. "களவெடுத்துக்கொண்டு போகப் பாத்தனீரோ?" என்று கேட்டாரே பார்க்கலாம்!

லண்டன் பெட்டியில் துண்டுகள் மட்டும்தான் வரும். மற்ற ஆயுதங்கள் எல்லாம் வன்னித் தயாரிப்பு. வெட்டுவதற்கு ஆஸ்பத்திரியில் கழித்த கத்தி அலகு. பூச்சுக்குச் சைக்கிள் கடை எனாமல். கடையில் விற்கிற மட்டத்தாள் தேய்ப்பதற்கு முரடு என்று சொல்லி, பற்றைக்குள் போய்ப் பிராய் இலை ஆய்ந்து வருவார். சொரசொரவென்ற அந்த இலையைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தால் பிளாஸ்டிக் குழந்தையின் கன்னம்போல வரும். வெடிப்பு அடைப்பதற்குப் பிளாஸ்டிக் சீவல்களைப் பசையிலேயே கரைத்து ஒரு மருந்துப் போத்தலில் களியாக வைத்திருப்பார். அந்த மணத்துக்கு எங்கள் வீட்டில் நுளம்புகூட நிற்காது. நான் நின்றேன்.

தூரிகை கதை தனிக்கதை. மாட்டுக் காதுக்குள் இருக்கிற மயிரைப்போல மெல்லிய மயிர் வேறில்லை என்று எங்கேயோ அறிந்துவிட்டார். எங்களுக்குச் சமைக்க வருகிற பார்வதியின் வீட்டில் ஒரு கன்று நின்றது. இவர் சாவணத்தோடு போய் அதன் காதுக்குள் கைவைத்தார். கன்று தன் கடமையைச் செய்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேலிக்கரையில் கிடந்தபடி இவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, மயிர் விழுந்துட்டுதோ? பாரும், பாரும்!"

பார்வதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "டாக்டரையா, கேட்டிருந்தா நானே வெட்டித் தந்திருப்பேனுங்களே."

அவள் மலைநாட்டுப் பெண். எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு ஓடிவந்து, உருத்திரபுரத்துப் பக்கம் வயல் வேலை செய்து பிழைத்த குடும்பம். மருந்து கலக்குகிறவரை அவள் டாக்டரையா என்றுதான் கூப்பிடுவாள். இவரும் திருத்தமாட்டார். மற்ற எல்லாவற்றையும் திருத்துவார், அதை மட்டும் விட்டுவிடுவார்.

மற்ற எல்லாவற்றையும் என்று சும்மா சொல்லவில்லை. பெட்டியின் மேல் உள்ள படத்தில் எப்படியோ, கட்டுவதும் அப்படியே இருக்க வேண்டும். இறக்கை மயிரளவு சரிந்தாலும் பிடுங்கித் திரும்ப ஒட்டுவார். "இந்தப் பச்சையைவிட நீலம் வடிவு அண்ணை" என்று ஒருமுறை சொல்லிப்போட்டு நான் பட்ட பாடு போதும். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் என் முகத்தையே பார்க்கவில்லை.

இப்படியிருக்க, ஒரு பெரிய பெட்டி வந்தது. போர்க்கப்பல். முழங்கை நீளம். பெட்டியைத் திறந்தவர் உடனே மூடிவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு வந்து திரும்பத் திறந்தார். மாதக்கணக்கில் வேலை நடந்தது. பீரங்கிகள் மட்டும் ஒரு குவியல். எல்லாம் ஒட்டி முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசிப் பூச்சும் பூசி, காயட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, என்னையும் தும்மாமல் இருப்பதற்காகக் கையோடு கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தால் வீடெல்லாம் சாம்பிராணி வாசம். கப்பலைப் பார்த்தேன். சிவன் கோயில் நந்திபோல இருந்தது. ஈரப் பூச்சில் கொடிமரம் முதல் அடிவரை சாம்பல்! பார்வதி வெள்ளிக்கிழமை வீட்டுக்குத் தூபம் காட்டியிருக்கிறாள். காட்டினவள், கப்பலுக்குப் பக்கத்தில் நின்று, தணலை ஊதி ஊதி, அதற்கு மூன்று சுற்று விசேஷமாகக் காட்டியிருக்கிறாள்.

சாவணத்தார் போட்ட சத்தத்துக்குத் தெருவில் போன மாட்டு வண்டி நின்றது.

"என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்? ஈரப் பெயின்றுக்கு ஆரும் சாம்பிராணி காட்டுவினமோ? உமக்கு மூளை கிடக்கோ இல்லையோ?"

பார்வதி சட்டியைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். "கோவிச்சுக்காதீங்க டாக்டரையா. எங்கம்மா கப்பல்ல போகப் போகுதுங்க. அந்தக் கப்பலுக்குக் காட்ட முடியாதே, இதுக்காவது காட்டுவோம்னு காட்டிட்டேன்."

அழுகைக்கு நடுவே விஷயம் வந்தது. மலைநாட்டாரை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில் தாய்க்கும் தம்பிக்கும் இந்தியக் கடவுச்சீட்டு. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போக நாள் குறித்தாகிவிட்டது. கட்டின புருசன் இந்த நாட்டுப் பிரசை என்பதால் பார்வதிக்கு இங்கேதான் இருப்பு. தாய் பிறந்ததிலிருந்து கடலைக் கண்டதில்லை. கப்பல் என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்து கிழவிக்குச் சோறு இறங்கவில்லை. "தண்ணியில என்னத் தள்ளப் போறாங்க" என்று விடிய விடியப் புலம்பல்.

"இப்படியே அது சாப்பிடாம கெடந்தா, கப்பல் வரைக்கும் உசிரோட போய்ச் சேராதுங்க" என்றாள் பார்வதி.

சாவணத்தார் கப்பலைப் பார்த்தார். பார்வதியைப் பார்த்தார். "சரி, சரி, அழாதையும். காய்ஞ்சாப்பிறகு பிராய் இலையால தேய்ச்சு எடுத்துப்போடலாம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும். கப்பல் எண்டால் என்னெண்டு நான் காட்டுறன்."

நான் மூக்கில் விரல் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிழவி வந்தா. ஒரு பிடி உடம்பு, காதில் தொங்கட்டான், தோளில் துண்டு. பழுதெல்லாம் தேய்த்துப் புதுப் பூச்சோடு மின்னிய கப்பலைக் கண்டதும் இரண்டு அடி பின்னால் போனா.

"ஏஞ்சாமி, இதுல இம்புட்டுத் துப்பாக்கி எதுக்கு? எங்களச் சுடவா?"

எழுபத்தேழில் லயத்துக்குத் தீ வைத்ததைக் கண்ணால் கண்ட கிழவி அது. விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பார்வதி தாயைக் கையில் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

சாவணத்தார் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். அன்று பின்னேரம் கத்தி அலகை எடுத்தார். படத்தில் இருந்த பச்சை நிறத்துக்காக என் முகத்தையே பார்க்காமல் விட்ட மனிதர், மாதக்கணக்காக ஒட்டிய பீரங்கிகளை ஒவ்வொன்றாக அறுத்துப் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் கேட்டேன்.

"அண்ணை, லண்டன்காரருக்கு என்ன சொல்லப் போறியள்?"

"அவர் என்ன, கப்பலிலயே போறார்?"

ஓட்டைகளைக் களி போட்டு அடைத்தார். சவர்க்காரப் பெட்டியை அறுத்து அறைகள் கட்டினார். தையல் ஊசியைக் குப்பி விளக்கில் சூடாக்கி வட்ட வட்டமாக யன்னல் குத்தினார். மிச்சமிருந்த சட்டத்தை அதே விளக்கில் வாட்டி இழுத்தால் பாகு நூல்போல வரும். அதில் கைப்பிடிக் கம்பி சுற்றிவரப் போட்டார். கிழவி அடுத்த ஞாயிறு வந்து, தூரத்தில் நின்றபடியே கேட்டா.

"நான் எங்கன உக்காருவேன்?"

இந்தக் கேள்விக்குப் பெட்டியில் விடை இல்லை. சாவணத்தார் தலையைச் சொறிந்தார். பிறகு, "இதில ஆச்சி. நல்ல காத்து வரும்" என்று ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அங்க பொகக்கூடு இருக்கே. பொக அடிக்காதா?"

அடுத்த கிழமை இருக்கை முன்பக்கம் போனது. முன்பக்கம் அலை அடிக்குமாம். பின்பக்கம் போனது. பின்பக்கத்திலிருந்து கக்கூசு தூரமாம். ஐயோ, அந்தக் கிழவி கிழமைக்குக் கிழமை கொண்டுவந்த முறைப்பாடுகள்! வெத்திலை துப்ப இடம் எங்கே? மூட்டையை யார் பார்ப்பது? "பெரிய மனுசி கேக்கிறதில பிழை இல்லைத்தானே" என்று சொல்லிச் சொல்லி, சாவணத்தார் ஒவ்வொன்றையும் அறுத்து ஒட்டினார். அரிசிமணி அளவில் கிழவியையே செய்தார். கன்றுக்குட்டி மயிரால் தோளில் துண்டு பூசினார். பக்கத்தில் மூட்டை. மூட்டைக்குக் காவலாகத் தம்பிக்காரன்.

ஒவ்வொரு கிழமையும் கிழவி மேசைக்கு ஓரடி கிட்ட வந்தா. பிறகு கதிரையில் இருந்து பார்த்தா. ஒருநாள் குசினியிலிருந்து பார்வதி ஓடிவந்து என் காதுக்குள் சொன்னாள். "அம்மா ரெண்டாம் தடவ சோறு கேட்டுச்சுங்க!" அந்தப் பிள்ளையின் முகத்தில் அன்றிருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை.

போவதற்கு முந்தின ஞாயிறு. கிழவி கப்பலைச் சுற்றிவரப் பார்த்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினா. பிறகு தனக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தா.

"இங்கன பார்வதிய வையுங்க சாமி."

சாவணத்தார் சங்கடப்பட்டார். "அவா வாறேல்லையே ஆச்சி."

"தெரியும் சாமி. சும்மா வையுங்க."

பார்வதி யன்னல் பக்கம் திரும்பி நின்றாள். சரியாக இல்லாத ஒன்றைச் செய்யவே மாட்டேன் என்று வாழ்ந்த மனிதர் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை விளக்கில் வாட்டினார். பச்சைச் சேலை பூசினார். சாவணத்தால் தூக்கித் தாயின் தோளோடு தோள் முட்டுகிறமாதிரி வைத்தார். பசை இறுகும்வரை நாங்கள் ஒருவரும் அசையவில்லை.

பயணத்தன்று ரயில் நிலையத்துக்கு நானும் போனேன். சேலைன் போத்தல் வந்த மட்டைப் பெட்டிக்குள் பஞ்சு அடுக்கி, கப்பலை வைத்து, சாவணத்தார் பிள்ளைத்தாச்சியைப்போல நடந்து வந்தார். கிழவி மகனோடு ரயில் பெட்டிக்குள் ஏறி யன்னலோரம் இருந்தா. முகத்தில் பயம் இல்லை. அழுகை இருந்தது, பயம் இல்லை. மகளின் கையை விடவே இல்லை.

இவர் கப்பல் பெட்டியை யன்னலால் நீட்டினார். கிழவி வாங்கி மடியில் வைத்துத் திறந்தா. ஒருதரம் பார்த்தா. மூடி, யன்னலால் திரும்ப மகளிடம் நீட்டினா.

சாவணத்தார் பதறிப்போனார். "ஆச்சி, உங்களுக்கெண்டுதானே செய்தனான்!"

"பெருசுல நான் ஏறிக்குவேன் சாமி. சின்னது அவகிட்ட இருக்கட்டும்." கிழவி மகளின் கன்னத்தைத் தடவினா. "ஏண்டி அழுவுற? இதுல இருந்து நான் எறங்கவே மாட்டேன்டி."

ரயில் போய்விட்டது. பார்வதி பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். சாவணத்தார் அழுதார். நானும்தான் அழுதேன், அதில் என்ன வெட்கம்!

திரும்பி வரும்போது கண்டி வீதி மத்தியான வெயிலில் கொதித்தது. வெயிலுக்குப் பிளாஸ்டிக் வளைந்துவிடும் என்று சொல்லி, சாவணத்தார் தன் குடையை விரித்துப் பெட்டிக்குப் பிடித்தார். பெட்டி பார்வதியின் கையில் இருந்ததால் பார்வதிக்கும் நிழல் கிடைத்தது. வீடு போய்ச் சேரும்வரை கை மாற்றாமல் பிடித்தபடியே வந்தார். வழுக்கைத் தலையில் வெயில் அடிக்க அடிக்க நடந்த அந்த மனிதருக்குப் பின்னால் நானும் வெயிலில்தான் நடந்தேன். அன்று முழுக்க அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.