பொருத்த மந்திரியின் தண்டோரா

செவிநாடு என்றொரு நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. இருந்திருந்தால் அதன் ஓரத்திலும் யாராவது விளம்பரம் ஒட்டியிருப்பார்கள்.

அங்கே அரசுச் சேதி எதுவானாலும் தண்டோராதான். சேதி முடிந்ததும் ஒரு வியாபாரியின் விளம்பரத்தையும் சேர்த்து முழங்க வேண்டும். அதற்கு ‘வால்’ என்று பெயர். தலைமைத் தண்டோராக்காரர் கூத்தபிரானுக்குத் தம் குரல்மேல் அபாரப் பெருமை. தம் மூளையைப் பற்றியும் அவருக்கு அதே அபிப்பிராயம். அதற்குத்தான் வேறு சாட்சி இல்லை.

ஒருநாள் ராஜமாதா காலமான சேதியைச் சொன்ன கையோடு, “கல்யாணப் பட்டு, பாதி விலை!” என்று முழங்கிவிட்டார். தலை போயிருக்க வேண்டியது. பயத்தில் ஒரு யோசனை பிறந்தது.

“மகாராஜா, இனி சேதிக்கேத்த வால் மட்டுமில்ல, ஜனங்க வாயில என்ன வருதோ அதுக்கேத்த வாலும் சொல்லிடலாம்.”

மன்னர் அவரை அங்கேயே பொருத்த மந்திரி ஆக்கினார். தெருவுக்கு ஓர் ஒற்றன் வந்தான். குடிமகன் வாய் திறந்த கால் நாழிகைக்குள் அவன் வாசலில் தண்டோரா ஒலிக்க வேண்டும் என்பது சட்டம். கூரை ஒழுகுகிறது என்றவனுக்குக் குடை விளம்பரம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றவளுக்குக் கஷாயம். அவள் அழத் தொடங்கியதும் பாடைக்கு மூங்கில்.

கூத்தபிரானின் தெருக் கிணறு தூர்ந்துபோயிற்று. அவர் மனைவி செண்பகவல்லி, ஏரிக்கு நடந்து தண்ணீர் சுமந்தாள்.

“நாட்டுக்கே மந்திரியாம்! ஒரு கெணத்தத் தூர்வார வக்கில்ல!” என்றாள்.

உடனே வாசலில் தண்டோரா: “ஆழக் கிணற்றுக்கு நீளக் கயிறு!”

கூத்தபிரான் பொதுப்பணி அதிகாரியிடம் ஓடினார். அதிகாரி எழுந்து நின்று வணங்கிவிட்டுச் சொன்னார்: “மந்திரியாரே, தூர்வாரிட்டா கயித்து வியாபாரி எதுக்கு விளம்பரம் குடுப்பார்? எந்தக் குறையையும் தீர்க்கக் கூடாதுன்னு நேத்தே ஆணை வந்தாச்சு. குறை இருக்கற எடத்துலதான் பொருத்தம் அமோகமா இருக்குன்னு அறிக்கை குடுத்தது தாங்கள்தானே?”

அவர்தான். அடியில் கையெழுத்துகூட மிக அழகாக இருந்தது.

மறுவாரம் செண்பகவல்லி ஏரிப்படியில் குடத்தோடு வழுக்கி விழுந்தாள். இடது கால் முறிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு கூத்தபிரான் வாசலை எட்டுமுன், “தேக்கு ஊன்றுகோல்! தேக்கு ஊன்றுகோல்!” என்று அங்கே ஒருவன் முழங்கிக்கொண்டிருந்தான். அவன் குரல் நன்றாகத்தான் இருந்தது. கூத்தபிரானுக்கு முதன்முறையாகத் தம்மை நினைத்தே அருவருத்தது.

மன்னரின் பிறந்தநாள் வந்தது. அரண்மனைத் திடலில் நாடே திரண்டிருந்தது.

“என் ஜனங்க இப்ப என்ன பேசிக்கறாங்க? அதுக்கேத்த வால முழங்கும், கேப்போம்” என்றார் மன்னர்.

ஒற்றர்கள் ஓலைகளை நீட்டினார்கள். எல்லாவற்றிலும் ஒரே வரி: “இந்த ராஜா போனாத் தேவலை.” அதற்குப் பொருந்தும் விளம்பரம் கூத்தபிரானின் விளம்பர ஓலைக்கட்டுக்குள் ஒன்றே ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு ஏதாவது வளையல் விளம்பரத்தைப் படித்தால் தலை தப்பும். கூத்தபிரான் செண்பகவல்லியின் காலை நினைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு முழங்கினார்:

“பக்கத்து நாட்டில் குடியேறுங்கள்! அங்கே கிணற்றில் தண்ணீர் உண்டு!”

 ஜனங்கள் எழுந்து எல்லையை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள்.

மன்னர் துள்ளிக் குதித்தார். “பிரமாதம்! சொன்ன ஒடனே எத்தனை பேர் கெளம்பறாங்க பார்த்தீரா! இதுவல்லவா பொருத்தம்!”

கூத்தபிரான் வீட்டுக்கு ஓடி, மனைவியைத் தோளில் சுமந்துகொண்டு கடைசி ஆளாக எல்லையை அடைந்தார். அங்கே இருந்த பக்கத்து நாட்டு அதிகாரி இருவருக்கும் மோர் கொடுத்து உட்காரவைத்தார். ஓலையையும் எழுத்தாணியையும் எடுத்துக்கொண்டார்.

“சொல்லுங்கம்மா, ஒங்களுக்கு என்னென்ன குறை? ஒண்ணுவிடாமச் சொல்லணும். எங்க நாட்டுல இது புது ஏற்பாடு. ஒங்க ஊர்ல கூத்தபிரான்னு ஒரு மேதை இருக்காராமே, அவர் எழுதின அறிக்கைய வெச்சுத்தான் ஆரம்பிச்சிருக்கோம்.”

செண்பகவல்லி தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.