மேகமேட்டில் வழி சொல்வது குற்றம்

பேரரசின் எல்லைக்குள் மேகமேடு என்றொரு மலைநாடு இருந்தது. பேரரசர் அரிசி அனுப்பினால் அது அவருடைய நாடு; சட்டம் அனுப்பினால் தனி நாடு. அங்கே வீடுகளுக்குப் பெயரோ எண்ணோ கிடையாது. எல்லாக் கதவுக்கும் ஒரே பச்சைச் சாயம். படையெடுத்து வருகிறவர்கள் ஆள் தெரியாமல் அலையட்டும் என்று முன்னோர் செய்த ஏற்பாடு. படையெடுப்பு நின்று நூறு வருஷமாகியும் பழக்கம் நிற்கவில்லை. யார் வீடு எது என்று வெளியாருக்குக் காட்டுவது ஊர்க்காவலரின் வேலை.

கீழத்தெருவின் காவலர் மருதப்பன் லேசில் யாரையும் நம்பமாட்டார். பால்காரன் சிரித்தால் பாலை முகர்ந்து பார்ப்பார். தங்கை அஞ்சலையின் புருஷன் கொம்பையாவைக் கல்யாணத்தன்றே அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த ஒரு சந்தேகத்தை மட்டும் வாயைத் திறந்து சொல்லாமல் விட்டுவிட்டார். அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

கொம்பையா இரண்டு முறை அஞ்சலையின் நெஞ்சுக்கு நேரே துப்பாக்கி நீட்டியிருந்தான். வீட்டாரை நோக்கித் துப்பாக்கி நீட்டுகிறவனிடமிருந்து அதைப் பறிமுதல் செய்யலாம் என்று பேரரசர் ஒரு சட்டம் போட்டார். மேகமேட்டு அவைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“துப்பாக்கி நம் மானம். இன்று துப்பாக்கியைக் கேட்பவர்கள் நாளை அகப்பையைக் கேட்பார்கள்” என்று முழங்கினார் சட்ட அமைச்சர் வீறுடையார். பேரரசின் பறிமுதலுக்கு உதவும் காவலருக்கு வேலையும் போகும், வீடும் போகும் என்று அவை சட்டம் இயற்றியது. வழி சொல்வதும் உதவியே என்று அடுத்த மாதம் ஒரு திருத்தம் வந்தது. ஊருக்குள் கேட்கும் வெடிச்சத்தம் எதுவாயினும் இடி என்றே பதியப்படும் என்று மூன்றாவதாக ஓர் ஆணையும் வந்தது.

அதன்பிறகு வழி கேட்கிற எல்லாரும் பேரரசின் ஒற்றராகத் தெரிந்தார்கள். வழி சொல்கிறவரைப் பற்றி அவைக்குப் போட்டுக்கொடுக்கத் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். வைத்தியர் வீட்டைக் கேட்ட பிள்ளைத்தாய்ச்சியைச் சுடுகாட்டுப் பக்கம் அனுப்பிவைத்தார்கள்.

அஞ்சலை சமவெளிக்கு நடந்தே போய்ப் பேரரசின் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி வந்தாள்.

“அண்ணே, நாளைக்கு அதிகாரி வர்றாராம். நீ வீட்டக் காட்டுனாப் போதும்.”

“அதுவரைக்கும் எங்க வீட்டுல வந்து இரு.”

“அங்கயும் துப்பாக்கியத் தூக்கிட்டு வருவாரு. உன் வீட்டுலயும் புள்ளகுட்டி இருக்குல்ல. அந்தத் துப்பாக்கி போயிட்டா நான் எங்கயும் ஓட வேண்டாம்ணே.”

“பாத்துக்கறேன்” என்றார் மருதப்பன். சொன்னதும் அவருக்கே தன்மேல் நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் அதிகாரி வந்தார். தெருவில் ஜன்னல்கள் எல்லாம் பாதி திறந்தன.

“கொம்பையா வீடு எதுங்க?”

சொல்வது குற்றம். நடப்பது இன்னும் குற்றமாகவில்லை.

“எனக்குத் தெரியாதுங்க. நான் என் தங்கச்சியப் பாக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டு மருதப்பன் மெதுவாக நடந்தார். பின்னால் வருகிறாரா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

போன மாதம்தான் இந்த அதிகாரியின் சகா ஒருவர் மேகமேட்டுக் காவலர் ஒருவரைப் பின்தொடர்ந்து போய்ப் பள்ளத்தில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். திரும்பித் திரும்பிப் பார்க்கிற காவலர் நிச்சயம் பள்ளத்துக்குத்தான் கூட்டிப்போகிறார் என்று அதிகாரி முடிவு கட்டினார். விறுவிறுவென்று எதிர்த்திசையில் நடந்தார்.

மருதப்பன் தன்னந்தனியாகத் தங்கை வீட்டுக் கதவருகே போய் நின்றார். ஜன்னல்காரர்கள் அதற்குள் சேதி சொல்லியிருந்தார்கள்.

“ஆளக் கூட்டிட்டு வந்திட்டியா மச்சான்?” என்று கேட்டுக் கொம்பையா கதவைச் சாத்தினான். மருதப்பன் கதவில் மோதினார். உள்ளே ஒரு சத்தம் கேட்டது.

ஊர்ப் பதிவேட்டில் எழுத்தர் இப்படி எழுதினார்: “நண்பகல். வானம் தெளிவு. இடி ஒன்று.” அஞ்சலை இறந்தது இடி விழுந்து என்று ஆயிற்று.

அவை எழுந்து நின்று மௌனம் காத்தது. பிறகு வீறுடையார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். “ஆபத்திலிருந்த ஒரு பெண்ணின் வீட்டைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாத கையாலாகாத பேரரசை இந்த அவை வன்மையாகக் கண்டிக்கிறது.” ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அதைத் தண்டோரா போடும் பொறுப்பு, கீழத்தெருவுக்கு அவர்தான் காவலர் என்பதால், மருதப்பனிடம் வந்தது.

அவர் பறையடித்துத் தீர்மானத்தை வாசித்துக்கொண்டே போனார். அந்தக் கதவுக்கு முன்னால் வந்ததும் தாளை மடித்துவிட்டார். தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“கொம்பையா வீடு இதுதான்.”

மாலைக்குள் அவரைக் கைது செய்தார்கள். வழி சொல்வது குற்றம் என்ற சட்டத்தின்கீழ் தண்டனை பெற்ற முதல் ஆள் அவர்தான். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவன் கொம்பையா. வீடு அடையாளம் காட்டப்பட்டதால் தன் மானம் போய்விட்டது என்று அவன் அவையில் அழுதான்.

மருதப்பனின் வேலையும் வீடும் காலியாயின. புதுக் காவலருக்குத் துப்பாக்கி வாங்க வேண்டியிருக்கும் என்று அவை கொஞ்சம் யோசித்தது. கொம்பையாவிடம் ஏற்கெனவே ஒன்று இருந்ததால் அவனையே நியமித்தார்கள்.