அடைத்த காதும் உக்கிராணச் சாவியும்

மைத்துனன் சேஷு வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இந்தத் தடவை தலைகீழாக நின்றாலும் போவதில்லை என்று சூர்யநாராயணன் தீர்மானம் செய்துகொண்டார். மனத்துக்குள்ளேதான் செய்துகொண்டார். புனே விமான் நகர் ஃப்ளாட்டில் அவர் சுதந்திரமாக எதையாவது செய்யக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

சேஷு கெட்டவன் இல்லை. சென்னையில் இருந்துகொண்டு வருஷத்துக்கு ஒரு விசேஷம் நடத்துகிறவன், அவ்வளவுதான். ஒவ்வொரு விசேஷத்திலும் மளிகைச் சாமான் அடுக்கியிருக்கும் உக்கிராண அறையின் சாவியைக் கொண்டுவந்து சூர்யநாராயணன் கையில் திணித்துவிடுவான். "அத்திம்பேர் பேங்க்காரர். ஒரு தேங்காய் குறையாது" என்பான். அப்புறம் என்ன? வெல்லம், வாழையிலைக் கட்டு, தாம்பூலப் பை இவற்றுக்கு நடுவே ஒரு மடக்கு நாற்காலியில் அவர் காவல் இருக்க வேண்டியதுதான். போன பூணூலில் ஒரு மந்திரம்கூட அவர் காதில் விழவில்லை. "மாமா, இன்னும் கொஞ்சம் துவரம்பருப்பு" என்று சமையல்காரர் கத்தியது மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. கடைசிப் பந்தியில் போய் உட்கார்ந்தால் பாயசம் தீர்ந்துவிட்டது. சர்க்கரை மூட்டைக்குக் காவல் இருந்தவருக்கு ஒரு கரண்டி பாயசம் இல்லை!

தீர்மானம் சரி. அதை மனைவியிடம் யார் சொல்வது? அந்த அம்மாளின் பெயர் ப்ரியம்வதா. இனிமையாகப் பேசுகிறவள் என்று அர்த்தம். பெயர் வைக்கிற வயசில் குழந்தைக்குப் பேச்சு வந்திருக்காது, பெற்றவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவள் இருவருக்கும் விமான டிக்கெட் வாங்கி, எடுத்துப்போக வேண்டிய பட்டுப்புடவையையும் இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் ஜலதோஷம் வந்தது. வந்த ஜலதோஷம் சும்மா போகாமல், போகிறபோது அவருடைய இரண்டு காதையும் அடைத்துவிட்டுப் போயிற்று. மொட்டைமாடியை உரசிக்கொண்டு போகிற விமானங்கள்கூட ஊமையாகப் பறந்தன. தண்ணீருக்கடியில் குடித்தனம் நடத்துகிற மாதிரி இருந்தது.

"ஏன்னா, ஆவி பிடிச்சேளா?"

"என்னது?"

"ஆவி! ஆவி!"

"காவி வேண்டாம், நீலச் சட்டையே இருக்கட்டும்."

அவள் கொதிக்கிற வெந்நீரில் நீலகிரித் தைலத்தை விட்டு, அவர் தலையைப் பாத்திரத்தின் மேல் அமுக்கி, கம்பளியால் மூடிவிட்டாள். இட்லிகூட அந்தப் பாடு பட்டிருக்காது. அப்புறம் சூயிங்கம் மெல்லச் சொன்னாள். எச்சிலை விழுங்கச் சொன்னாள். கொட்டாவி விடச் சொன்னாள். உத்தரவு போட்டால் வருகிற சமாசாரமா கொட்டாவி? பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு அவள் கிட்டே வந்தபோது மனிதர் தாமாகவே டாக்டரிடம் கிளம்பிவிட்டார்.

காது மூக்கு டாக்டர் தேஜஸ் பார்ப்பதற்குக் கல்லூரிப் பையன் மாதிரி இருந்தார். இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்தார். எண்ணெய் கிண்ணெய் எதுவும் விடக்கூடாது, மூக்கிலிருந்து காதுக்குப் போகிற குழாய் வீங்கியிருக்கிறது, தானாகச் சரியாகிவிடும், ஆனால் காது திறக்கிற வரை விமானம் ஏறாமல் இருப்பது நல்லது என்று ஹிந்தியில் உரக்கச் சொன்னார்.

அதுவரை ஒன்றும் சரியாகக் கேட்காத சூர்யநாராயணனுக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் கோயில் மணி மாதிரி கேட்டது. "ஃபிர் ஸே போலியே, டாக்டர்" என்று கெஞ்சி, கூட வந்திருந்த மனைவி காதில் நன்றாக விழும்படி இன்னொரு தரம் சொல்ல வைத்தார்.

வெளியே வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "பிளேன் கூடாதாமே, ப்ரியா. நீ மட்டும் போயிட்டு வா. சேஷு வருத்தப்படுவான். எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு."

"சனிக்கிழமைதானே கிளம்பணும்?" என்று அவர் காதருகே கத்தினாள் ப்ரியம்வதா. "அதுக்குள்ள திறந்துடும்!"

அந்த வாய் முகூர்த்தம் மறுநாளே பலித்துத் தொலைத்தது. சாயங்காலம் பேங்கிலிருந்து வருகிற வழியில், தெருமுனை வண்டியில் வடாபாவ் வாங்கினார். கூடக் கொடுத்த வறுத்த பச்சைமிளகாயை யோசிக்காமல் கடித்துவிட்டார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். அவசரமாக ஒரு விழுங்கு விழுங்கினார். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். புனே நகரத்து ஹாரன் மொத்தமும் காதுக்குள் கொட்டியது. ஆவிக்கும் மருந்துக்கும் மசியாத காது ஒரு மிளகாய்க்குத் திறந்துவிட்டது!

ஒரு நிமிஷம் ஆனந்தமாக இருந்தது. அடுத்த நிமிஷம் தேங்காய் மூட்டையும் மடக்கு நாற்காலியும் கண்ணெதிரே வந்தன. திறந்தது தனக்கும் மிளகாய்க்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்று முடிவு செய்து, செவிடராகவே வீடு திரும்பினார்.

நடிப்பு ஒன்றும் கஷ்டமாக இல்லை. காது கேட்காதவர்கள் எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவார்கள். முப்பது வருஷமாக, காது நன்றாகக் கேட்கும்போதே, அவர் அதைத்தான் செய்துவந்தார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் குக்கரை ஏற்றிவிட்டு ப்ரியம்வதா குளிக்கப் போவாள். மூன்றாவது விசிலில் அடுப்பை அணைப்பது அவர் பொறுப்பு. காது அடைத்ததிலிருந்து அவள் குளித்துவிட்டு வந்துதான் குக்கர் வைத்தாள். ஆனால் புதன்கிழமை பழக்க தோஷத்தில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் சூர்யநாராயணன். ஒரு விசில் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்ததும் அவருடைய கால்கள் அவரைக் கேட்காமலே எழுந்துபோயின, கை அடுப்பை அணைத்தது.

திரும்பினால், குக்கர் நினைவு வந்து ஈரத்தலையோடு ஓடிவந்த ப்ரியம்வதா சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினார். அவளும் சிரித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். நல்ல வேளை, அவள் கவனிக்கவில்லை என்று மனிதர் பெருமூச்சு விட்டார். மனைவி பேசாமல் இருப்பதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறவரை யார் காப்பாற்ற முடியும்?

அன்று மாலை சோபாவில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சேஷுவுக்கு வீடியோ கால் போட்டாள்.

"அத்திம்பேர் இங்கதான் இருக்கார், சேஷு. ஒண்ணும் கேக்காது, பாவம்."

"அத்திம்பேர் வரலேன்னா உக்கிராணத்தை யார் பாத்துப்பா, அக்கா?"

"வரலேன்னு யார் சொன்னா? பிளேன்தான் கூடாது. ரயில்ல போனா காதுக்கு என்ன? நாளைக்கே ஏத்தி விடறேன்."

சூர்யநாராயணனின் சிரிப்பு உறைந்துவிட்டது. தலை மட்டும் தானாக ஆடியது.

"பாரு, சரிங்கறார்! தேஹு ரோடு சித்தப்பாவும் அதே ரயில்லதான் வரார். பேச்சுத் துணையாச்சு."

ப்ரியம்வதாவின் இந்தச் சித்தப்பா புனேயை அடுத்த தேஹு ரோடு ராணுவ டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர். தம்முடைய முழங்கால் ஆபரேஷனை, மயக்க ஊசியிலிருந்து தையல் பிரித்தது வரை, ஒரு முடிச்சு விடாமல் சொல்வார். சென்னை ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் அவரோடு!

"ஏன்னா, சித்தப்பாவோட போறேள், சரிதானே?" என்று கேட்டாள் ப்ரியம்வதா. குரலை உயர்த்தாமலே கேட்டாள்.

மாட்டேன் என்றால் காது கேட்கிறது என்று ஆகிவிடும். சரி என்றால் முழங்கால். சூர்யநாராயணன் கையைக் காதுக்குப் பக்கத்தில் குவித்து, "என்னது?" என்றார்.

"ஒண்ணுமில்லேன்னா" என்று கத்திவிட்டு, போனைப் பார்த்துச் சொன்னாள்: "சம்மதிச்சுட்டார். ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுவார். சாமான் வந்து இறங்கறதுலேர்ந்து வாடகைப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கற வரைக்கும் அவர் தலையிலயே கட்டு. அப்புறமும் ஒரு வாரம் வெச்சுக்கோ. உன் வீட்டுல தச்சு வேலை பாக்கி இருக்குன்னியே, கிட்ட உக்காந்து பாத்துக்கட்டும்."

"நாள் பூரா டிரில் போடுவான்க்கா. மண்டையே பொளந்துடும்."

"போடட்டுமே. இவருக்குத்தான் காது கேக்காதே!"

"கேக்கறது!" என்று சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார் சூர்யநாராயணன். "எனக்குக் கேக்கறது! இதோ, இந்த நிமிஷம்தான் திறந்துது!"

"நெஜமாவா? நான் சொல்றது கேக்கறதா?"

"கணீர்னு கேக்கறது!"

"பிளேன்ல காது வலிச்சா?"

"வலிக்காது! வலிச்சாலும் பரவாயில்லை! பிளேன்லயே போலாம், ப்ரியா. உன்னோடயே வந்து உன்னோடயே திரும்பிடறேன். ஒரு நாள் உக்கிராணம்தானே? நானே பாத்துக்கறேன். இந்த ரயில், தச்சன், முழங்கால் எதுவும் வேண்டாம். கெஞ்சிக் கேக்கறேன்!"

போக மாட்டேன் என்று தீர்மானம் போட்டவர், அழைத்துப் போ என்று கை கூப்பி நின்றார்.

"இவ்வளவு ஆசையாக் கேக்கறேள், வேண்டாம்னா சொல்லப் போறேன்?" என்றாள் ப்ரியம்வதா. "உங்க டிக்கெட்டை நான் கேன்சலே பண்ணலை."

அப்போது போனில் சேஷுவின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. தேஹு ரோட்டிலிருந்து போன வாரமே சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட சித்தப்பா.

"வாங்கோ மாப்பிள்ளை, காது திறந்துடுத்தாமே! உக்கிராணத்துல உங்களுக்குத் துணையா இன்னொரு நாற்காலி போடச் சொல்லிட்டேன்."