நாற்பது ஓலைத் தொப்பி

அன்று நயினாதீவுப் படகில் எங்கள் ஆட்கள் ஐந்து பேர்: நான், மனைவி யோகம்மா, கனடாவிலிருந்து வந்திருந்த அண்ணையின் பிள்ளைகள் வசீகரன், ஆரூரன், நிசாந்தினி. என் தலையில் பனையோலைத் தொப்பி.

“சித்தப்பா, வடிவான தொப்பி. எங்கை வாங்கினனீங்கள்?” மூன்று பேரும் கேட்டார்கள்.

அந்த இடத்திலேயே நான் முதலாளி. ஐந்து பேரில் மூன்று பேர் என்றால் நூறு பேரில் அறுபது பேர். நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகிற சனம் எத்தனை நூறு!

“யோகம், சிவப்பியை விப்பம். தொப்பிக் கொம்பனி துவங்குவம்.”

சிவப்பி எங்கள் பசு. யோகம்மாவின் தாய் வீட்டு வழி வந்தது. கறப்பதும் சாணி அள்ளுவதும் அவள்தான்.

“கேட்டது உங்கடை அண்ணையின்ரை பிள்ளையள். நீங்கள் சட்டியைக் கவிழ்த்தாலும் வடிவெண்டுதான் சொல்லுவினம்.”

“அஞ்சிலை மூண்டு பேர் பொய் சொல்லுவினமோ?”

“அந்த அஞ்சிலை நீங்களும் ஒண்டு.”

நான் விடவில்லை. கடைசியில் அவள் இறங்கி வந்தாள்.

“சரி, நாற்பது பின்னித்தாறன். நயினாதீவுப் படகு வெளிக்கிடுற குறிகட்டுவான் துறையிலை ஒரே நாளிலை நாற்பதும் வித்தால் மாட்டைக் கொண்டுபோங்கோ. ஒண்டு மிஞ்சினாலும் மாடு நிக்கும். சாணி நீங்கள் அள்ளவேணும்.”

மிஞ்சுவதா! அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை துறையில் கடை போட்டோம். எனக்குக் கூவ வராது. என் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றேன். முதலில் வந்தவர் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். கடற்காற்று அதைத் தூக்கியது. ஓடிப் பிடித்து வந்தேன். அடுத்தவருக்கும் அதே கதை. என் தொப்பி மட்டும் ஏன் பறக்கவில்லை? நாடிக்குக் கீழே யோகம்மா கயிறு கட்டிவிட்டிருந்தாள். அது எனக்கு மறந்துபோனது.

மத்தியானம் வரை ஒன்றும் போகவில்லை. யோகம்மா நாற்பதையும் அள்ளிக்கொண்டு, பக்கத்திலிருந்த சின்னாச்சியக்காவின் அர்ச்சனைச் சாமான் கடைக்குப் போனாள். ஒரு தொப்பியை மல்லாத்தினாள். உள்ளே தேங்காய், பழம், பூ, கற்பூரம்.

“அம்மாளாச்சிக்குப் பிளாஸ்ரிக் பையிலையோ கொண்டுபோறியள்? இந்தாங்கோ, ஓலைப்பெட்டி!”

சனம் மொய்த்தது. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. மனதுக்குள் மாட்டை அவிழ்த்துவிட்டேன்.

ஒரு பெண் கடைசிப் பெட்டிக்குக் கை நீட்டினாள். யோகம்மா அதை இழுத்து எடுத்தாள்.

“இது விக்கிறேல்லை, தங்கச்சி.”

“ஏனப்பா? ஆள் கேக்குதெல்லே!” என்றேன் நான்.

“இது உங்களுக்கு.”

மிச்சம் ஒன்று. அதில்தான் இப்போது சாணி அள்ளுகிறேன்.