தங்கராசு கிளம்புகிறார்

கிளம்பப்போகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. கிளம்புகிறவர்களோடு இவர்களைச் சேர்த்துவிடாதீர்கள். கிளம்புகிறவர் ஒரு நாள் சத்தமில்லாமல் போயிருப்பார். நமக்கு விஷயம் தெரியவே நாலு நாளாகும். கிளம்பப்போகிறவரோ எங்கும் போகமாட்டார். எப்போது பார்த்தாலும் இருப்பார், பாதி விடைபெற்ற முகத்தோடு.

கடலூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த தங்கராசு இந்த இனத்தில் சேர்ந்தது 2007 ஆடி மாதம், ஒரே ஒரு மின்னஞ்சலால். அவருடைய ஆராய்ச்சி நிலவெளி மரபியல். பயப்படாதீர்கள். குறுக்கே ஓர் ஆறோ மேடோ ரோடோ வந்தால் இந்தப் பக்கத்து மரத்துக்கும் அந்தப் பக்கத்து மரத்துக்கும் சொந்தம் விட்டுப்போகிறதா என்று இலையைக் கிள்ளிப் பார்த்துச் சொல்கிற படிப்பு, அவ்வளவுதான். பிச்சாவரத்துச் சுரபுன்னைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு நார்வேயில் ஒரு பல்கலைக்கழகம் கேட்டிருந்தது: ஒரு வருஷம் வருகைப் பேராசிரியராக வந்து பாடமும் நடத்தி ஆராய்ச்சியும் செய்கிறீர்களா? புதிய ஆய்வின் முடிவுகளை அனுப்புங்கள், பார்த்ததும் தேதி சொல்கிறோம்.

அந்தக் கடைசி வரி தங்கராசின் கண்ணில் படவில்லை. உங்கள் கண்ணில் பட்டிருக்குமா?

மறுநாளே கோட்டு தைக்கக் கொடுத்தார். கைக்கடிகாரத்தை நார்வே நேரத்துக்குத் திருப்பிவைத்தார். மணி கேட்டவர்களிடமெல்லாம் "அங்க இப்ப காலையில ஆறரை" என்றார். சக ஆசிரியர்கள் சால்வை போர்த்தி வழியனுப்பினார்கள். அடுத்த வருஷம் மாணவர்கள் ஒரு சூட்கேஸ் வாங்கிக்கொடுத்து மறுபடியும் வழியனுப்பினார்கள். இரண்டு முறையும் கண் கலங்கினார். இரண்டு முறையும் மறுநாள் முதல் வகுப்புக்கே வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி தில்லையம்மாள் கேட்டாள்: "ஏங்க, பாத்ரூம் கொழா ரெண்டு மாசமா ஒழுவுது. ஆளக் கூப்புடுங்களேன்."

"நாமதான் போவப்போறோமே தில்லை. அடுத்துக் குடி வர்றவன் பாத்துக்குவான்."

மகள் சுவேதா சைக்கிள் கேட்டாள். அங்கே பனியில் சைக்கிள் ஓடாது என்று விளக்கினார். அந்தப் பெண் கடலூர் வெயிலில் நடந்தே பத்தாவது முடித்தாள்.

இதெல்லாம் வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. அவரிடம் வெண்மதி என்று ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள், குமராட்சிப் பெண். இரண்டு வருஷம் படகில் போய், சேற்றில் இறங்கி, முந்நூற்றுப் பன்னிரண்டு மரங்களின் இலைகளைச் சேகரித்து, அவற்றின் டி.என்.ஏ.வைப் பிரித்து, சின்னச் சின்ன டியூப்களில் அடைத்துத் துறையின் ஃப்ரீசரில் வைத்திருந்தாள். ஃப்ரீசரோ முனக ஆரம்பித்திருந்தது.

"சார், ரிப்பேருக்கு ஒரு லெட்டர். கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க."

"கெளம்பற நேரத்துல எனக்கு எதுக்கும்மா அது? புதுசா வர்றவர் பாத்துக்குவாரு."

"எப்ப சார் கெளம்பறீங்க?"

"இன்னிக்கோ நாளைக்கோ."

இது சித்திரையில். ஐப்பசியிலும் இதே பேச்சுதான்.

அந்த ஐப்பசியில் மின்வெட்டு ஜாஸ்தியானது. ஒரு திங்கட்கிழமை காலை, முடிவுகள் இந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று நார்வேயிலிருந்து அஞ்சல் வந்தது. பதறிப்போய் ஆய்வகத்துக்கு ஓடினார் தங்கராசு. ஃப்ரீசர் செத்துக் கிடந்தது. கதவைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது, தட்டுகள் காலி. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

வெண்மதி உள்ளே வந்தாள்.

"சார், பயப்படாதீங்க. எல்லாத்தையும் போன மாசமே எடுத்துட்டுப் போயிட்டேன். பரங்கிப்பேட்டையில எங்கூடப் படிச்ச நஜியாவோட வாப்பா எறா கம்பெனி வச்சிருக்காங்க. அங்க குளிர் ரூம்ல இருக்குது. ஜெனரேட்டர் உண்டு சார்."

காலில் விழாத குறையாக நன்றி சொன்னார். இறால் பெட்டிகளுக்கு நடுவில் பிழைத்திருந்த டியூப்களை வைத்து, பத்தே நாளில் ராப்பகலாக முடிவுகளை அட்டவணை போட்டு அவர் மேஜையில் வைத்தாள் அந்தப் பெண். அனுப்ப வேண்டியது மட்டும்தான் பாக்கி. அனுப்பினாரா?

"மெயில்ல என்னத்த அனுப்பறது? அங்கதான போவப்போறேன், நேர்லயே காட்டிடறேன்" என்றார்.

மாதம் முடிந்தது. வேலை யாருக்கோ போனது. "அடுத்த வருஷம் கூப்பிடுவாங்க" என்று தங்கராசு கோட்டுக்கு நாப்தலின் உருண்டை வாங்கிப் போட்டார்.

வெண்மதி சிதம்பரத்தில் ராபர்ட் என்ற பேராசிரியரிடம் மாறிக்கொண்டு 2010-இல் முனைவர் பட்டம் வாங்கினாள். முடிவுகளைத் தானே நார்வேக்கு அனுப்பினாள். மறு வருஷம் ஆவணியில், துறை வாசலில் தங்கராசைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சார், அதே வேலைதான். ஒரு வருஷம். நாளைக்கு ராத்திரி ஃப்ளைட்டு. ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

தங்கராசு நார்வே மணி காட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். பொறாமை என்று சொல்லிவிடாதீர்கள். பஸ் போன பிறகு நிறுத்தத்தில் நிற்பவனுக்கு வருமே, அது. ஏதோ சொல்ல நினைத்தார். மன்னிப்பாகக்கூட இருந்திருக்கலாம். கடைசியில் வாயிலிருந்து வந்தது வேறு.

"நீ முன்னாடி போம்மா. நான் பின்னாடியே வர்றேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நேற்று வீட்டில் ஏதோ கேட்டபோது, "இப்ப எதுக்கு? நாமதான் எப்படியும்…" என்று ஆரம்பித்தீர்களே, அந்த வாக்கியத்தை எப்படி முடித்தீர்கள் என்று கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள்.