கற்பனை அடுக்கு, மூன்றாம் தட்டு

பாடப்புத்தகத்தில் ஏழு ஆறுகளும் நேரில் இரண்டு ஆறுகளும் ஓடிய செங்கழனி நாட்டில் ஓர் அரசு நூலகம் இருந்தது. அதன் நூலகர் செண்பகவல்லி. ஒரு புத்தகத்தை அதற்குரிய அடுக்கில் வைத்துப் பட்டியலில் பெயர் எழுதும்போதெல்லாம், தொலைந்த பிள்ளையை வீட்டில் சேர்த்ததுபோல் அவர் மனம் துள்ளும்.

ஒரு திங்கட்கிழமை, வகைப்பாட்டு அமைச்சர் ஆதிமூலனார் பரிவாரத்துடன் எழுந்தருளினார்.

"மாமன்னர் ஆட்சியில் பஞ்சம் இல்லை. ஆகவே, பஞ்சம் பற்றிய நூல்கள் யாவும் இனி கற்பனை!"

செண்பகவல்லி அவற்றை இடம் மாற்றினார். அடுத்த மாதம் நோய் ஒழிந்ததாக அறிவிப்பு வந்தது. மருத்துவ நூல்கள் கற்பனைக்குப் போயின. பிறகு கெட்ட தண்ணீரும் ஒழிந்தது. ஊர்க் கிணறுகளை ஆராய்ந்த நூலும் பின்னாலேயே போயிற்று. வறட்சியும் அநீதியும் ஒழிய, மழை நூல்களும் சட்ட நூல்களும் அங்கே சேர்ந்தன. காலியான அடுக்குகளில் மாமன்னரின் சொற்பொழிவுகள் 'உண்மை' என்ற பெயரில் அமர்ந்தன. கற்பனை நூலை உண்மையென்று சொல்லிக் கொடுப்பவருக்கு மூன்றாண்டு சிறை.

ஆனி மாதம் கீழ்க்கரையில் காய்ச்சல் கண்டது. பதினொரு பேர் இறந்தார்கள். அவ்வூர் மருத்துவச்சி வீராயி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"எந்தக் கிணத்துத் தண்ணி கெட்டதுன்னு ஒரு பொஸ்தகம் இருந்துச்சே, எங்கம்மா அது? புள்ளைங்க சாகுதுங்க!"

வாசலில் காவலர் நின்றிருந்தார். செண்பகவல்லி அவரை ஓரக்கண்ணால் பார்த்தார். காவலருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"நம்ம நாட்டுல கெட்ட கிணறே கிடையாது, வீராயிக்கா. ஆனா கதை படிக்கிறீங்களா? கற்பனை அடுக்கு, மூணாவது தட்டு. அருமையான கதை. உங்க ஊர்க் கிணறு மூணு அதுல வருது!"

வீராயி ஒரு கணம் விழித்தார். பிறகு அவர் கண்கள் பளிச்சிட்டன.

"எனக்குக் கதைன்னா உசுரும்மா!"

அன்று மாலைக்குள் கீழ்க்கரையில் மூன்று கிணறுகள் மூடப்பட்டன. பத்தாம் நாள் காய்ச்சல் நின்றது.

செய்தி காற்றாய்ப் பறந்தது. மழைக் கதை கேட்டு உழவர்கள் வந்தார்கள். சட்டக் கதை கேட்டு நெசவாளர்கள் வந்தார்கள். வரிசை தெருமுனையைத் தாண்டியது. ஏணியில் ஏறி இறங்கி செண்பகவல்லிக்குக் கால் கடுத்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு அடங்கவே இல்லை.

"குடிமக்கள் கதை படிக்கிறார்கள் என்றால் கவலையின்றி வாழ்கிறார்கள் என்று பொருள்" என அமைச்சர் அவையில் அறிவித்தார். அவை கைதட்டியது.

மாமன்னரும் வாக்குக் கேட்டாக வேண்டிய தேர்தல் வந்தது. மாமன்னரின் வாக்குறுதிகள் அச்சாகி, உண்மை அடுக்கின் நடுவே வைக்கப்பட்டன. ஒரு மாதமாகியும் ஒருவரும் தொடவில்லை.

அமைச்சர் பரிவாரம் இன்றி, பின்வாசல் வழியாக வந்தார்.

"அம்மையே, ஒரு சிறு திருத்தம். மக்கள் எந்த அடுக்கை நம்புகிறார்கள் என்பது எமது கவனத்துக்கு வந்துள்ளது." குரலைத் தாழ்த்தினார். "வாக்குறுதிகளைக் கற்பனைக்கு மாற்றிவிடுங்கள்."

"எழுத்துல உத்தரவு வேணுமே, ஐயா."

அமைச்சர் எழுதி, முத்திரையும் குத்தினார்.

செண்பகவல்லி பட்டியலைத் திறந்தார். வாக்குறுதிகளைக் கற்பனையின் கீழ் எழுதினார்; மனம் துள்ளியது. அரசாணைக்கும் தன் மனசாட்சிக்கும் ஒருசேரப் பொருந்தும் இடத்தில் ஒரு புத்தகத்தை அவர் வைத்து வெகுகாலம் ஆகியிருந்தது.